நேரில் சொல்கிறோம்

படகு துறையை விட்டு விலகியதும் எல்லாரும் ஆற்றைப் பார்த்தார்கள், வடிவு மருமகளின் மணிக்கட்டைப் பார்த்தாள். ரெண்டே காலா, ரெண்டரையா? மூன்று நாளாகப் பார்க்கிறாள், பிடிபடவில்லை. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற யாமினியின் கை நிழலில் மெலிந்து தெரிந்தது, படகு திரும்பி வெயில் விழுந்தால் பூசினாற்போலத் தெரிந்தது. கல்யாணத்தன்று பிடித்த கை. மூன்றரை வருஷத்தில் கை மாறாதா என்ன. திருநெல்வேலி வளையல் கடைக்காரர், அளவு தெரியாமல் வந்து நிற்கிறீர்களே என்று சலித்துக்கொண்டபோது, இரண்டு அளவிலும் இரண்டிரண்டு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, வீட்டுக்காரரின் பனியன்களுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்திருக்கிறாள். சென்னையில் விமானம் ஏறி பாங்காக்கில் இறங்கி, அந்தப் பெட்டியை எவனெவனோ தூக்கிப் போட்டும் ஒன்றுகூட உடையவில்லை. உடையாததே நல்ல சகுனம் என்று முதல் நாள் ராத்திரி பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். வளையல் வந்திருப்பது வீட்டுக்காரர் சங்கரலிங்கத்துக்குத் தெரியாது. தெரிந்தால் மின்வாரியத்தில் தன்னோடு வேலை பார்த்த அத்தனை பேருக்கும் இங்கிருந்தே போன் போட்டுச் சொல்லிவிடுவார். போன மாதம் மகன் ஆவுடையப்பன், வீட்டில் அப்பு, போனில் சொன்னது இவ்வளவுதான்: நீயும் அப்பாவும் ஒரு பத்து நாள் வந்துட்டுப் போங்க, ஒரு விஷயம் இருக்கு, போன்ல வேண்டாம், நேர்ல சொல்றோம். சொல்றேன் என்று சொல்லவில்லை, சொல்றோம். கல்யாணமாகி மூன்றரை வருஷம் ஆன வீட்டில், புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து, போனில் சொல்லாமல் நேரில் சொல்கிற விஷயம் வேறு என்னவாக இருக்கும்? அவர்கள் தெருவில் எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்வாள். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கி வேறு வழிந்தது.

ஆனால் மூன்று நாளாகியும் சொல்லவில்லை. முதல் நாள் அலுப்பு, சரி. இரண்டாம் நாள் கடைத்தெரு, சரி. இன்றைக்கு இருவருமே லீவு போட்டுவிட்டு, சும்மா சாவகாசமா ஊரைச் சுத்திப் பாப்போம்மா, ஒரு அவசரமும் இல்ல என்று கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். அவசரம் இல்லையாம். அவளுக்கல்லவா அவசரம். கேட்டுவிடலாம், ஒரு வார்த்தைதான், ஆனால் கேட்கக்கூடாது. அது முறையில்லை. மூன்று மாதம் தாண்டாமல் வெளியே சொல்லமாட்டார்கள், பெண்ணே தன் வாயால் சொல்ல வேண்டும், மாமியார் முந்திக்கொண்டு கேட்டால் கண்பட்டதுபோல் ஆகிவிடும். அப்படியென்றால் இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. அப்படியென்றால் விமானம் ஏறி வரச் சொன்னது எதற்கு? டிக்கெட் போடும் பெண் சில்லறை போட்ட நீளமான தகரக் குழாயைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டே ஆட்களுக்கு நடுவில் வந்தாள். அந்தச் சத்தத்தில் யாமினி திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பார், சின்னச் சத்தத்துக்கே பயப்படுகிறது பிள்ளை. அப்பு உடனே அவள் தோள்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். "தேங்க்ஸ்" என்றாள் யாமினி. "பரவால்ல" என்றான் அவன். அந்த தேங்க்ஸ் வடிவுக்குச் சோற்றில் கல்லாகக் கடிபட்டது. முப்பத்தாறு வருஷத்தில் அவளும் அவரும் ஒருவருக்கொருவர் தேங்க்ஸ் சொன்னதில்லை, ஏசியதுதான் உண்டு. முப்பது வருஷம் போஸ்டாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள் அவள். தேங்க்ஸ், பரவாயில்லை, அடுத்த ஆள் வாங்க, அதெல்லாம் கவுண்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்கள் பேசுகிற பேச்சு. வெளிநாட்டுப் பழக்கம் ஒட்டிக்கொண்டதாக இருக்கும், இந்த ஊரில்தான் கடைக்காரிகூடக் கைகூப்புகிறாளே. வேண்டாத கணக்கெல்லாம் போடாதே வடிவு, ஆற்றைப் பார். ஆறு கலங்கலாக, நம் தாமிரபரணி பத்து சேர்ந்த அகலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைத்தாய்ச்சி ஆறு தாண்டக்கூடாது என்பார்கள். இது தாண்டுவதா, நீளவாக்கில் போவதுதானே, நீளவாக்கில் போனால் தோஷம் இல்லை.

கோயில் துறையில் இறங்கியதும் வரிசையாகத் தள்ளுவண்டி. ஒரு வண்டியில் ஐஸ் மேலே அன்னாசித் துண்டுகள் மஞ்சளாக அடுக்கியிருந்தன. வடிவு எதிரே ஒரு கம்பத்தின் மேல் இருந்த குட்டிச் சாமி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாமிக்கு யாரோ சிவப்புக் கலர் பாட்டிலைத் திறந்து ஸ்ட்ராவும் போட்டு வைத்திருந்தார்கள். சாமிக்கு ஸ்ட்ரா வைக்கிற இந்தக் கரிசனம் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. திரும்பினால் யாமினி கையில் ஒரு பை அன்னாசி, ஒரு துண்டைக் குச்சியில் குத்தி மிளகாய் உப்பில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோகிறாள். வடிவுக்குத் தான் எப்படிப் பாய்ந்தோம் என்றே தெரியவில்லை. பை இப்போது வடிவு கையில் இருந்தது, குச்சியும் அவள் கையில் இருந்தது. "வேண்டாம் தாயி. இது வேண்டாம்." "ஏனுங்கத்தை?" "சூடு. உனக்கு ஆகாது." யாமினி அவளைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அப்புவைப் பார்த்தாள். அப்பு செல்போனைப் பார்த்தான். "சரிங்கத்தை" என்றாள் யாமினி, கோயம்புத்தூர்ப் பிள்ளை, எதற்கும் ஒரு சரிங்க உண்டு. சங்கரலிங்கம், வீணாக்குவானேன் என்று மொத்தத்தையும் தானே தின்றுவிட்டு, உப்பும் உறைப்பும் சேர்ந்து முகத்தைக் கோணிக்கொண்டு நின்றார். அவர் தின்றதில் வடிவுக்கு ஒன்றுமில்லை. அவள் ஏன் வாங்கினாள் என்பதுதான். படித்த பிள்ளைதான், ஆனாலும் அன்னாசியும் பப்பாளியும் கூடாது என்பது தெரியாமலா இருக்கும், அவள் அம்மா சொல்லியிருக்கமாட்டாளா? சம்பந்தியம்மாவை நினைத்ததும் இன்னொன்று வந்து மாட்டிக்கொண்டது. கிளம்புகிற அன்று வடிவு வாய்நிறையச் சிரிப்போடு அவளுக்குப் போன் பண்ணினாள். அந்தப் பக்கம், போயிட்டு வாங்க, அவங்களே சொல்லுவாங்க என்று இரண்டு வார்த்தை, வைத்துவிட்டாள். பெருமையாக்கும், மகள் முதலில் தன்னிடம்தான் சொன்னாள் என்கிற பெருமை என்று வடிவு அன்றைக்கு நினைத்தாள். அந்தக் குரலில் பெருமை இருந்ததா? இப்போது நினைத்துப் பார்த்தால் ஜலதோஷம் பிடித்த குரல் மாதிரி இருந்தது. மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. ஜலதோஷமாகத்தான் இருக்கும்.

உள்ளே புத்தர் படுத்திருந்தார். எவ்வளவு பெரிய புத்தர். தலையில் தொடங்கி நடந்தால் பாதம் வருவதற்குள் சங்கரலிங்கம் இருபது போட்டோ எடுத்துவிட்டார். நம் பள்ளிகொண்ட பெருமாள் மாதிரிதான், ஒரு கையைத் தலைக்குக் கொடுத்து, சிரித்த முகமாக. ஆனால் பாதத்துக்கு வந்தபோது வடிவு அங்கே யாரையோ தேடினாள். முத்துச்சிப்பி பதித்த அவ்வளவு பெரிய பாதம், காலைப் பிடித்துவிட நாச்சியார் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வெறும் பாதம். அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பின்பக்கம் சுவரோரமாக வரிசையாக வெண்கலச் சட்டிகள், நூற்றெட்டாம், ஒவ்வொன்றிலும் ஒரு சில்லறைக் காசைப் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். மண்டபம் முழுக்க டிங் டிங் என்று ஒரே சத்தம். வடிவு மனதுக்குள் ஆண், பெண், ஆண், பெண் என்று சொல்லிக்கொண்டே போட்டாள். நடுவில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை குறுக்கே ஓடியது. எதில் விட்டோம் என்று தெரியவில்லை, மறுபடி தொடங்கினாள், கடைசிச் சட்டி பெண் என்று முடிந்தது. பெண் என்றால் இன்னும் நல்லது. திரும்பிப் பார்த்தால் யாமினி நாலாவது சட்டிக்கு முன்னாலேயே நின்றிருந்தாள். காசு போடவில்லை. கையில் காசுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலும் கண் வீங்கித்தான் இருந்தது, மசக்கை என்றால் முகம் அப்படித்தான் அதைக்கும். தட்டில் வைத்த இட்லியை மூன்று நாளாகப் பிட்டுப் பிட்டு வைக்கிறாள், அதுவும் மசக்கை. அப்பு ஹாலில் சோபாவில் படுக்கிறான், ரூமில் ஏசி ரொம்பக் குளிருதும்மா என்றான், இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இவ்வளவு விவரமா என்று அவள் மெச்சிக்கொண்டாள். எல்லாம் பொருந்திக்கொண்டுதான் வந்தது. ஆனால் மசக்கைக்கு யாராவது சுவரைப் பார்த்து அழுவார்களா? அப்பு எங்கே? அப்பு வெளியில், செருப்புப் பைகளுக்குக் காவல் மாதிரி, நால்வரின் செருப்பையும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.

முற்றத்தில் சங்கரலிங்கம் இருவரையும் நிறுத்தி வைத்துப் போட்டோ எடுத்தார். "கிட்ட நில்லுங்கய்யா, கிட்ட. ஒருத்தருக்கொருத்தர் சண்டை போட்ட மாதிரி நிக்கீகளே." இருவரும் சிரித்தார்கள், ஒரே நேரத்தில் சிரித்தார்கள், நகரவில்லை. நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம். அவர் அளவு பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொப்பி போட்ட யாரோ ஒருவர் அந்த நடுவில் புகுந்து சாவகாசமாக அந்தப் பக்கம் போய்விட்டார். கல்யாணமான ஜோடிக்கு நடுவில் ஊரான் புகுந்து போகிறான், இதுகள் வழிவிட்டு நிற்கிறதுகள். "தோள்ல கையப் போடுல, உன் பொண்டாட்டிதான" என்றார் அவர். அப்பு போட்டான். பிறகு செல்போனில் அந்தப் படத்தைப் பெரிசாக்கி அவர் காட்டியபோது வடிவு பார்த்தாள்: கை தோளில் இல்லை. தோளுக்கு ஒரு விரற்கடை மேலே அந்தரத்தில் நின்றது. தன் கண்ணுக்கு மட்டும் அப்படித் தெரிகிறதோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "நல்லா விழுந்திருக்கு, என்னளா?" "ம்" என்றாள். டாக்டர் தொடக்கூடாது என்று சொல்லியிருப்பாரோ? தோளைத் தொடக்கூடாது என்று எந்த டாக்டர் சொல்வார், கிறுக்கச்சி. ஒரு நினைப்பு உள்ளே வரப் பார்த்தது. இது என்ன என்று அவள் பார்ப்பதற்குள் வாசலோடு போய்விட்டது, போனது நல்லதுதான் என்றிருந்தது.

அடுத்து அக்கரையில் இருந்த கோபுரம். ஆற்றைக் குறுக்கே தாண்டித்தான் போனார்கள், வடிவு முருகா முருகா என்று எண்ணிக்கொண்டே போனாள். கோபுரம் முழுக்கப் பீங்கான் தட்டு உடைத்துப் பதித்த பூ வேலை, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் படி செங்குத்தாக, பரணுக்குச் சாத்திய ஏணி மாதிரி ஏறியது. "கீழயே நிப்போம்மா" என்று வடிவு சொல்லி வாய் மூடுவதற்குள் யாமினி பாதிப் படியில் இருந்தாள். கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. யாரோ துரத்துகிற மாதிரி, அல்லது பள்ளிக்கூடம் விட்ட மாதிரி, விறுவிறுவென்று மேலே போய், அங்கே தனியாக நின்று காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். "ஏல, போய்ப் பிடில அவளை!" என்று வடிவு கத்தினாள். அப்பு, "அவ பாத்துக்குவா, எம்மா" என்றான். பாத்துக்குவா. அவன் குரலில் பயமில்லை, அக்கறை இல்லாமலும் இல்லை, அடுத்த வீட்டுப் பெண்ணைச் சொல்கிற மாதிரி ஒரு மரியாதை இருந்தது. வடிவு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை வயிற்றில் இருக்கிற யாரும் அப்படி ஏறமாட்டார்கள். அப்படியென்றால் இல்லை. அல்லது இருந்து, ஐயோ, கலைந்துவிட்டதா? அதைத்தான் நேரில் சொல்லக் கூப்பிட்டார்களா? பாவி, அன்னாசியைப் பிடுங்கினேனே, அந்தப் பிள்ளை மனசு என்ன பாடுபட்டிருக்கும். இல்லை, அப்படியானால் அப்பு அவள் பக்கத்தில் அல்லவா இருப்பான். வேறு ஏதாவது, வேலை போய்விட்டதா, வியாதியா, யாருக்கு, அவனுக்கா, சோபாவில் படுப்பது அதனால்தானா? ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அவிழ்ந்தது. காலையில் எல்லாம் பொருந்தியது, அதே கண்வீக்கம், அதே சோபா, அதே தேங்க்ஸ், இப்போது எதிலும் நிற்கமாட்டேன் என்கிறது. போஸ்டாபீசில் அவளுக்கு ஒரு பேர் உண்டு, வடிவு மேடம் முகத்தைப் பார்த்தே தபாலில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். தந்தி இருந்த காலத்தில் அவளே அதைப் பிரிக்காமல் சொல்லியிருக்கிறாள். நல்ல சேதி வைத்திருக்கிறவனுக்கு வாய் நிற்காது, கவுண்டரில் அவள் யார் என்று தெரியாமலே மேடம் எனக்குப் பேரன் பிறந்திருக்கான் என்பான், வெளியே போகும்போது பியூனிடமும் சொல்லிவிட்டுப் போவான். கெட்ட சேதிக்காரன்தான் போனில் வேண்டாம் நேரில் சொல்கிறேன் என்பான். ட்ரங்கால் பூத்துக்குள் நின்று, கிளம்பி வா, வந்தபிறகு சொல்றேன் என்று எத்தனை பேர் அழுகையை அடக்கிக்கொண்டு சொல்லி அவள் காதால் கேட்டிருக்கிறாள். இது தெரிந்தவள்தானே நீ. தெரிந்தவள்தான். அடுப்பில் பால் பொங்கிய சந்தோஷத்தில் மறந்துபோனாள்.

மத்தியானம் எங்கோ சாப்பிட்டார்கள், குளிர்ந்த ஒரு கடையில், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாயங்காலம், வெயில் தணிந்து ஆறு செம்பு நிறத்துக்கு வந்தபோது, கரையோரமாக இருந்த ராட்சத ராட்டினத்துக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணாடிக் கூண்டு, ஒரு கூண்டில் நாலு பேர் ஏறலாம். சங்கரலிங்கம், எனக்குத் தலைசுத்தும், நான் கீழ நின்னு படம் எடுக்கேன் என்றார். "நான் அப்பாகூட நிக்கேன். நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றான் அப்பு. காலையில் என்றால் வடிவு குறுக்கே படுத்தாவது தடுத்திருப்பாள், ராட்டினமாவது ஒன்றாவது. இப்போது அவளே முதலில் ஏறி உட்கார்ந்தாள். எதிரே யாமினி. கதவை வெளியிலிருந்து பூட்டினார்கள். கூண்டு அசைந்து, தரை விலகி, சங்கரலிங்கத்தின் வழுக்கை சின்னதாகி, பக்கத்தில் மகன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மேலே போகப் போகச் சத்தம் எல்லாம் நின்றுபோனது. யாமினி கைகளை மடியில் கோத்து வைத்திருந்தாள்.

"அத்தை, காலையில அன்னாசிய என் கையில இருந்து வாங்கி வெச்சுட்டீங்க. அப்பத்தானுங்க எனக்குப் புரிஞ்சுது, நீங்க என்ன நெனச்சுட்டு வந்திருக்கீங்கன்னு. அது இல்லைங்கத்தை."

"ம்."

"நானும் அவரும் பிரிஞ்சுரலாம்னு முடிவு பண்ணிட்டோம்ங்க."

அப்போது கூண்டு உச்சியில் நின்றது. கீழே இன்னும் ஆள் ஏற்றுகிறார்களாம், அதற்காக நிற்கும். வடிவு ஆற்றைப் பார்த்தாள், காலையில் போன அதே ஆறு, அதில் அதே மாதிரி ஒரு படகு. யார் தப்பு என்று கேட்க வேண்டும். "யாரும்மா தப்பு?" "தப்புன்னு ஒண்ணும் இல்லைங்க. குடிக்கறதில்ல, அடிக்கறதில்ல, வேற ஆளும் இல்ல. பேச ஒண்ணும் இல்லாமப் போச்சுங்க, ஒரு வருஷமா. ரெண்டு பேரும் நல்லவங்களா இருந்து இருந்தே அலுத்துப்போச்சுங்க." இதற்கு என்ன செய்வது? குடிக்கிறான் என்றால் செருப்பால் அடிக்கலாம், வேறு ஒருத்தி என்றால் காலில் விழுந்தாவது மீட்கலாம், நல்லவர்களாக இருக்கிறார்கள் என்றால் எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்வது? "நீங்க ஊருக்குப் போற அன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தோம்ங்க. அதுவரைக்கும் நாலு இடம் சந்தோஷமாப் பாக்கட்டும்னு அவருதான் சொன்னாரு." அப்படியென்றால் அந்த புத்தர், அந்தச் சட்டிகள், பீங்கான் கோபுரம், எல்லாம் கசப்பு மருந்துக்கு முன்னால் கொடுக்கிற சீனி. நாளைக்கும் மறுநாளும்கூடச் சீனி வைத்திருந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபமும் யார்மேல் என்று தெரியாமல் கூண்டுக்குள்ளேயே சுற்றிவந்து அவள் மேலேயே உட்கார்ந்தது. யாமினி அழத் தொடங்கினாள், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. வடிவு எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த உடனே விரல் சொல்லிவிட்டது, ரெண்டே கால். ரெண்டே கால்தான். மூன்று நாளாக மண்டையைக் குடைந்தது இவ்வளவு சுலபமாக, பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடுகிற விஷயமாகத்தான் இருந்திருக்கிறது. இந்த நேரத்தில் இதை நினைக்கிறேனே என்று அவளுக்கே அவமானமாக இருந்தது, ஆனாலும் நினைத்தாள், ரெண்டரை வளையலைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டார் என்றும் நினைத்தாள். கூண்டு மறுபடி அசைந்து இறங்கத் தொடங்கியது. அவள் கையை விடவில்லை.

கதவைத் திறந்துவிட்ட பெண் கைகூப்பினாள். "எப்படி இருந்துச்சு, ஏளா? ஊர் பூராவும் தெரிஞ்சுதா?" என்றார் சங்கரலிங்கம். "தெரிஞ்சுது" என்றாள். அப்பு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், கவுண்டரில் தபாலுக்கு நிற்கிறவன் மாதிரி, தனக்கு வந்திருக்கிறதா இல்லையா என்று கேட்க வாய் வராமல். ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல் இருந்தது, இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. முப்பத்திரண்டு வயசுக் கழுதையை எந்த மடியில் போட? இரண்டும் செய்யாமல் அவனைத் தாண்டி நடந்தாள். எங்கே போகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. மரத்தடியில் ஒரு தள்ளுவண்டி நின்றது. அவளுக்கு அந்த பாஷை தெரியாது, ஐஸ் மேலிருந்ததைச் சுட்டிக் காட்டி ஒரு விரலைக் காட்டினாள், கைப்பையில் வந்த நோட்டை நீட்டினாள், வண்டிக்காரி கொடுத்த மீதியை எண்ணாமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள், மிளகாய் உப்புப் பொட்டலத்தையும் கேட்டு வாங்கினாள். திரும்பி வந்து பையை யாமினியின் முன்னால் நீட்டினாள்.

"சாப்பிடு தாயி."

"என்னளா இது, காலைல ஆகாது ஆகாதுன்னு பிடுங்கிப் போட்ட?" என்றார் சங்கரலிங்கம்.

"இனி ஒண்ணும் செய்யாது" என்றாள் வடிவு.

அவருக்கு விளங்கவில்லை. அப்புவுக்கு விளங்கியது, அவன் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான். யாமினி ஒரு துண்டைக் குத்தி எடுத்து, மிளகாய் உப்பில் தொட்டு, வாயில் போட்டாள். அவள் மென்று விழுங்கும்வரை வடிவு பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.